‘நன்றி வாரியம்’ யாருடைய படம்?

1

சென்ற மாதம் சென்னை நண்பர் ஒருவர் கைப்பேசியில் ஒரு செய்தித்துணுக்கை அனுப்பியிருந்தார். ‘நன்றி வாரியம்’ வெளிவந்து இருபது ஆண்டு நிறைவு விழா. படத்தில் தயாரிப்பாளர் பரந்தாமன் வெள்ளை உடையில் கேக் வெட்டுகிறார். கீழே ஒரு வரி: ‘தமிழ் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய கல்ட் கிளாசிக்.’

நான் அப்போது மலாக்காவில், காஜா பேராங் சாலையோரக் கடையில் மனைவி வசந்தாவோடு பசியாறிக்கொண்டிருந்தேன். பசியாறுவது என்றால் இங்கே காலை உணவு சாப்பிடுவது. துணுக்கை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, “தலையில வச்சிக் கொண்டாடுனாங்களா? எந்தத் தலையில?” என்று கேட்டுவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்களே, நீங்கள் அந்தப் படத்தைக் கொண்டாடவில்லை. வெள்ளிக்கிழமை வந்த படத்தை ஞாயிற்றுக்கிழமை இரவோடு தூக்கியவர்கள் நீங்கள். திங்கட்கிழமை அதே திரையில் கதாநாயகன் ஹெலிகாப்டரை உதைத்துத் தள்ளும் படம் வந்தது, அதற்கு விசிலடித்தீர்கள். இன்று உங்கள் பிள்ளைகள் ‘நன்றி வாரியம்’ வசனம் அச்சிட்ட சட்டை போட்டுத் திரிகிறார்களாம். மகிழ்ச்சி. அந்த வசனங்களை எழுதியவன் நான். அவை உங்களிடம் எந்த வழியாகத் திரும்பி வந்தன என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

2

படத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள், அல்லது அறிந்ததுபோல் பேசுவீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு நன்றி மீட்டர் பொருத்தப்படுகிறது. விடிந்ததும் குடும்பம் முழுவதும் அதன் முன் நின்று ஆட்சியாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். குரல் எவ்வளவு உருகுகிறது, முதுகு எவ்வளவு வளைகிறது என்று மீட்டர் அளக்கும். அளவு குறைந்தால் குடிநீர் நின்றுவிடும். அந்த ஊரில் தபால்காரன் ஒருவன் வாய் பேசாதவன். அவனுடைய பங்கையும் சேர்த்து அவன் மனைவி தொண்டை கிழியக் கத்துகிறாள். வாரியம் ஏற்க மறுக்கிறது. சொந்தக் குரலில் சொன்னால்தான் செல்லுமாம்.

இயக்குநர் குணசீலன் எடுத்த முடிவில், தெரு முழுக்க ஊமையாகிவிடுகிறது. மீட்டர்கள் சுழியத்தில் நிற்கின்றன. கணக்குக் காட்ட வேண்டிய அதிகாரிகள் வேறு வழியில்லாமல் வீடு வீடாகப் போய் மீட்டர்களுக்குத் தாங்களே நன்றி சொல்லிச் சொல்லி, கடைசியில் அமைச்சர் உட்பட எல்லாருக்கும் தொண்டை கட்டிக் குரல் போய்விடுகிறது. அத்தோடு படம் முடியும்.

பரந்தாமன் இதைப் பார்த்துவிட்டு, “ஜனங்க அழுதுகிட்டேவா வெளிய போவாங்க? ஊமைக்குப் பேச்சு வரணும் தம்பி. கோயில்ல வரணும்,” என்றார். வந்தது. தபால்காரன் கோயில் வாசலில் வாய் திறந்து, வாழ்த்துப் பாடல் ஒன்று பாடினான். ஊமை பாடியதைத் திரையில் பார்த்த குணசீலன் எழுந்து போனவர்களோடு சேர்ந்து வெளியே நடந்தான். பிறகு அவன் எந்தத் தியேட்டருக்குள்ளும் போகவில்லை. சேலத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்தான். எந்த முகங்களைப் பார்த்து அந்தப் படத்தை எடுத்தானோ அதே முகங்களைப் பெரிது பெரிதாக அச்சடித்துக் கொடுத்துப் பிழைத்தான்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் என் கையில் ஒரு டிஸ்கைக் கொடுத்தான். படத்தொகுப்பின்போது சரிபார்ப்பதற்காக எடுத்த பிரதி. அவன் வைத்த முடிவு அதில்தான் இருந்தது. பின்னணி இசை கிடையாது. திரையின் அடியில் மணி, நிமிடம், நொடி காட்டும் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தொகுப்பாளர் வசதிக்கான எண்கள்.

“பாக்கணும்னு குடுக்கல. எங்கிட்ட இருந்தா ஒடச்சிப்புடுவேன்,” என்றான்.

3

வசந்தா சென்னையில் நர்சிங் படிக்க வந்தவள். மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அவளைக் கட்டிக்கொண்டு அவள் ஊருக்கு நான் வந்தேன். மனைவி வீட்டுக்கு வாழ வந்த கணவன்மேல் நம் ஊருக்கு எவ்வளவு இளக்காரமோ, அவ்வளவு சந்தேகம் அப்போது இந்த நாட்டுச் சட்டத்துக்கு இருந்தது. இங்கே தங்க எனக்குக் கொடுத்த பாஸில் எவ்விதமான வேலையும் செய்யக் கூடாது என்று முத்திரை குத்தினார்கள். ஆண்டுதோறும் வசந்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இவள் இன்னும் என்னோடுதான் வாழ்கிறாள் என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

முதல்முறை போனபோது கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, “சுவாமி?” என்றாள். அப்போது தாடி வைத்திருந்தேன். சாமியார் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று பதறி, “இல்லை, இல்லை, சினிமா,” என்றேன். மலாயில் சுவாமி என்றால் கணவன். கணவன் இல்லை என்று கணவனே சொன்ன விண்ணப்பத்தை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வசந்தா மலாயில் என்னவோ நீளமாகச் சொல்லிச் சமாளித்தாள். வெளியே வந்து, “இனிமே கேள்வி கேட்டா வாயத் தொறக்காதீங்க. சும்மா கச்சாவ் பண்ணிக்கிட்டு,” என்றாள். கச்சாவ் என்றால் தொந்தரவு. முதல் ஆண்டில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட சொல் அதுதான்.

வசந்தா மருத்துவமனைக்கு வேலைக்குப் போவாள். நான் வீட்டில் சோறு வடித்து, துணி காயப்போட்டு, மகள் யாழினி பிறந்த பிறகு அவளுக்குப் பால் கலக்கி, மீதி நேரத்தில் வசந்தாவின் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போன் செய்தால், “அங்க என்ன படம் பண்றீங்க?” என்று உறவினர்கள் கேட்பார்கள். “ரசம்,” என்பேன்.

அப்படி ஒருநாள் மதியம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சித்ரா உள்ளே வந்தாள்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி கம்போங் சிட்டி, அதாவது சிட்டிகளின் கிராமம், இருக்கிறது. பல நூறாண்டுகளுக்கு முன்பு வணிகம் செய்ய வந்து இங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழியில் வந்த சிட்டிகள் அங்கே வாழ்கிறார்கள். கோயில் உண்டு, பொங்கல் உண்டு, திருநீறு உண்டு. தமிழ் மட்டும் இல்லை. அவர்கள் பேசுவது ஒருவகை மலாய். அதில் சில தமிழ்ச் சொற்கள் மிதக்கும். சித்ரா அங்கே பிறந்தவள். அரசுப் பள்ளியில் மலாய் ஆசிரியை. ஆசிரியரை இங்கே சிக்கு என்பார்கள். ஊரே அவளை சிக்கு சித்ரா என்று கூப்பிட்டபோது தலைமுடி ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்ததுண்டு.

வசந்தாவுக்குப் பலகாரம் கொண்டுவந்தவள், திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். வாரிய அதிகாரி தபால்காரனின் முதுகை ஸ்கேலால் அளக்கும் காட்சி. ‘நன்றி பத்தல. இன்னும் கொஞ்சம் குனி’ என்கிறான். தபால்காரன் குனிகிறான். அதிகாரி தானும் குனிந்து அவன் முகத்தைப் பார்த்து, ‘சந்தோஷமா குனி’ என்கிறான்.

சித்ரா சிரித்தாள். ஒரு சொல்லும் புரியாமல் சரியான இடத்தில் சிரித்தாள். சென்னைத் திரையரங்கில் அதே இடத்தில் ஒருவர் இருமியதை மட்டும் நான் கேட்டிருக்கிறேன்.

“அபாங், இவன் என்ன சொல்கிறான்?” என்று மலாயில் கேட்டாள். அபாங் என்றால் அண்ணன். என் ஓட்டை மலாயில் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “முதலிலிருந்து போடுங்கள்,” என்றாள்.

4

பள்ளி விடுமுறை முழுக்க நாங்கள் அந்தப் படத்துக்கு மலாய் வசனவரிகள் எழுதினோம். கூலி இல்லாத வேலை வேலையாகாது என்பதால் என் பாஸுக்கும் பங்கமில்லை. நான் பொருளைச் சொல்வேன், அவள் எழுதுவாள். முதலில் பாடப்புத்தக மலாயில் எழுதினாள். ஓடவிட்டுப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“இது பள்ளிக்கூடம் பேசுகிறது. தபால்காரன் மனைவி பள்ளிக்கூடம் மாதிரி பேசுவாளா?”

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவள் அம்மா அடுப்படியில் பேசும் சிட்டி மலாயில் மறுபடி எழுதினாள். அதிகாரிகள் மட்டும் பாடப்புத்தக மலாய் பேசினார்கள். ஜனங்கள் கம்போங் மொழி பேசினார்கள். என் வசனத்தில் இல்லாத ஒரு கூர்மை அதற்கு வந்துவிட்டது. ‘நன்றி பத்தல. இன்னும் கொஞ்சம் குனி’ என்ற வரி ‘தா சுக்குப். துண்டோக் லாகி’ என்றானது. அதிகாரியே ஒருமுறை வாய்தவறிக் கம்போங் மொழியில் சொல்லிவிடுவதுபோல் அவள் வைத்தாள். அவனும் இதே தெருவில் பிறந்தவன்தான் என்று அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். நான் எழுதும்போது இது எனக்குத் தோன்றவில்லை.

சித்ரா வீட்டில் இணையம் இருந்தது. மலாய், இந்தோனேசியப் படப் பைத்தியங்கள் கூடி, ஆளுக்கொரு படத்தைக் கணினியிலிருந்து கணினிக்குப் பகிர்ந்துகொள்ளும் ஒரு டொரென்ட் குழுவில் அவளும் இருந்தாள். அங்கே இதைப் போட்டாள். அதன் நுட்பம் இதுதான்: ஒருவர் இறக்கிக்கொண்டால் அவர் கணினியிலிருந்து இன்னொருவருக்குத் துண்டுதுண்டாகப் போகும், யாரோ ஒருவர் கணினியைத் திறந்து வைத்திருக்கும்வரை படம் சாகாது. சில மாதங்கள் சித்ராவின் கணினி ஒன்றுதான் திறந்திருந்தது. பிறகு ஜோகூரில் ஒருவர், மேடானில் ஒருவர். பின்பு ஜாவாவில் ஒரு கல்லூரி விடுதியே திறந்து வைத்தது. இரவுச் சந்தையில் ஒருவன் அதை வி.சி.டி.யாகப் பொறித்து, ‘நகைச்சுவை - இந்தி’ என்று எழுதி விற்றுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இந்தி இல்லை, தமிழ் என்றேன். “சாமா சாஜா,” என்றான். எல்லாம் ஒன்றுதானாம். அவனை மன்னித்துவிட்டேன். அவனாவது படத்தை விற்றான்.

பின்பு அறிஞர்கள் வந்தார்கள். திரையின் அடியில் ஓடும் எண்களைப் பற்றி ஜகார்த்தாவில் ஒரு மாணவர் கட்டுரை எழுதினார். குடிமகனின் ஒவ்வொரு நொடியையும் அரசு எண்ணுகிறது என்பதை இதைவிடத் துணிச்சலாக எந்தக் கலைஞனும் காட்டியதில்லையாம். ஐரோப்பாவில் யாரோ அதை மேற்கோள் காட்டினார்கள். அதை உங்கள் சென்னை விமர்சகர் ஒருவர் தமிழில் பெயர்த்து, தானே கண்டுபிடித்ததுபோல் எழுதினார். படம் வெளியான வாரத்தில் அதே விமர்சகர் எழுதியதும் எனக்கு நினைவிருக்கிறது: ‘பொறுமையைச் சோதிக்கிறது.’ சித்ராவிடம் இரண்டையும் சொன்னேன். “எண்கள் ஓடாததால் அன்றைக்கு அவருக்கு நேரம் தெரியவில்லை போலிருக்கிறது,” என்றாள்.

எனக்குப் பிறகு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் பொருட்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. யாழினி வளர்ந்தாள். அவளுக்கு நான் ஊட்டிய தமிழ், மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் ஊறுகாய்போல் ஓரமாகத் தங்கிவிட்டது. இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, “தா சுக்குப். துண்டோக் லாகி,” என்றாள். நான் திடுக்கிட்டேன்.

“இத எங்கேர்ந்து படிச்ச?”

“மீம் லா, அப்பா. இந்தோனேசியா மீம். உங்களுக்குப் புரியாது.”

“அது தமிழ்ப் படம். வசனம் நான் எழுதினது.”

“பொய் லா.”

“நெசமாடி. கேளு உங்கம்மாவ.”

வசந்தா துணியைப் பிழிந்துகொண்டே, “ஆமா, அதான் இந்த ஊருக்கு வந்தாரு,” என்றாள். யாழினி கைப்பேசியைத் தட்டினாள். பெயர்கள் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதில் என் பெயர் இருந்தது. அவளால் அதை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. படித்து முடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அப்போ ஏன் நீங்க ஃபேமஸ் இல்ல?” என்றாள்.

இதற்குத் தமிழ்த் திரையுலகம் முழுவதும் சேர்ந்து பதில் எழுதலாம்.

5

பரந்தாமன் மலாக்காவுக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. இங்குள்ள சங்கமொன்றின் தலைவர் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார். இந்தத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த மேடையில் ஏறினாலும் தமிழ் வாழ்க என்று தொடங்குவார். தன் பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் முடிப்பார். அன்றும் பேசினார். “இதே காஜா பேராங்கில் தமிழைத் தொலைத்துவிட்ட சிட்டிகளைப் பார்க்கிறோம். நமக்கும் அந்த நிலை வரக் கூடாது,” என்றார். சித்ரா எனக்கும் வசந்தாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ‘சிட்டி’ என்ற சொல் மட்டும் காதில் விழ, “எங்களைப் பற்றி என்ன சொல்கிறார்?” என்று என் பக்கம் சாய்ந்தாள்.

“வாழ்த்துகிறார்,” என்றேன்.

“அந்த முகத்தோடா?” என்றாள்.

அடுத்துப் பேசிய பரந்தாமன், இணையத்தில் படத்தைப் பகிர்பவர்கள் பெற்ற தாயை விற்கிறவர்கள் என்றார். அரங்கம் கைதட்டியது. கைதட்டியவர்களில் அந்தப் படத்தைப் பகிராமல் பார்த்தவர் ஒருவர்கூட இருக்க வழியில்லை. மலேசியாவில் அது திரைக்கே வரவில்லை.

மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். வெறும் பாசம் அவரைக் காஜா பேராங் வரை இழுத்து வராது என்று தெரிந்ததால் சித்ராவையும் வரச் சொல்லியிருந்தேன்.

“எவ்ளோ நாளாச்சு ஐயா. இங்க என்ன பண்றீங்க?” என்றார்.

“ஸ்டோர் பாக்குறேன்.”

“பாத்தீங்களா, நம்மூர்ல திறமைக்கு எங்க மதிப்பு இருக்கு,” என்று வருத்தப்பட்டார். அந்த ஊரின் மதிப்பை அளந்த ஸ்கேல் அப்போது இவர் கையில்தான் இருந்தது. வசந்தா காப்பி வைத்தாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். இணையத்தில் காசு வாங்கிப் படம் காட்டும் ஒரு நிறுவனம் ‘நன்றி வாரிய’த்தைக் கேட்கிறது. குணசீலனின் முடிவோடுதான் வேண்டும் என்கிறது. எண்களோடுதான் வேண்டும் என்கிறது. மலாய் வரிகளும் அந்தப் பழைய வரிகளாகவே வேண்டுமாம். தென்கிழக்காசியாவில் அதற்குத்தான் கூட்டம். “குணசீலன் குடுத்த டிஸ்க் உங்ககிட்டதான இருக்கு? எடுங்க,” என்றார்.

“அது பூஞ்சை பிடிச்சுப் போச்சு. நெட்ல சுத்துறது அளவு குறைச்ச காப்பி. டிஸ்க்ல இருந்தபடியே முழுசா இருக்கிறது இவங்ககிட்ட மட்டும்தான்,” என்று சித்ராவைக் காட்டினேன்.

அவர் அப்போதுதான் சித்ராவைப் பார்த்தார். ஏற இறங்கப் பார்த்தார். “ஓ, போட்டது இவங்களா? டீச்சர்னு சொன்னாங்க. கவர்மெண்ட் டீச்சர். திருட்டுக் காப்பின்னு போலீஸ்ல ஒரு எழுத்து எழுதிக் குடுத்தா வேலை என்ன ஆகும்னு யோசிக்கச் சொல்லுங்க.”

மிரட்டலை மொழிபெயர்ப்பது கடினம். என் மலாயில் அது ஏதோ விண்ணப்பம்போல வெளிவந்தது. சித்ராவுக்குப் புரியவில்லை. வசந்தாதான் சமையலறை வாசலில் நின்றபடி, மருத்துவமனையில் கெட்ட செய்தி சொல்லும் குரலில், ஒரே வாக்கியத்தில் சொன்னாள். சித்ரா கையிலிருந்த கோப்பையைத் தட்டில் வைத்தாள். பள்ளிக்கூடத்தைத் தவிர அவளுக்கு வேறு உலகம் கிடையாது. திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அந்த வேலையும்தான். நான் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது.

“போலீஸ் எது அசல் என்று கேட்குமே. இவரிடம் அசல் இருக்கிறதா? இருந்தால் என்னுடையது எதற்கு?”

இதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. பரந்தாமன் காப்பியைப் பார்த்தார்.

“லேப்ப மூடிட்டாங்கய்யா. நெகட்டிவ் எல்லாம் எங்கயோ கொடோன்ல கெடந்து வீணாப் போச்சு. நான் விட்ட வெர்ஷனே எங்கிட்ட இல்ல.”

கோயில் பாட்டோடு அவர் வெளியிட்ட படம் உலகத்தில் இப்போது எங்கும் இல்லை. யாரும் அதைத் திருடவில்லை. திருடும் அளவுக்கு யாருக்கும் அது தேவைப்படவில்லை. திருடர்கள் வைத்திருந்ததுதான் பிழைத்தது. அதை நான் சித்ராவுக்குச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “பாவம்,” என்றாள். சிட்டி மலாயில் மிதக்கும் தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. பரந்தாமனுக்கு அது நேராகவே புரிந்துவிட்டது, முகம் சிவந்தது.

சித்ரா நிபந்தனைகள் சொன்னாள். முடிவில் கை வைக்கக் கூடாது. குணசீலன் பெயர் முதலில் வர வேண்டும். தன் பெயர் வேண்டாம், வேலை இருக்கிறது. ஆனால் மொழி தேர்ந்தெடுக்கும் இடத்தில் மலாய் என்று போடாமல் சிட்டி என்று போட வேண்டும். “எங்கள் மொழியில் வெளியே போனது இந்த ஒன்றுதான்,” என்றாள். பரந்தாமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முதுகும் கொஞ்சம் வளைந்திருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். முடிவு தப்பிப் பிழைத்தது. குணசீலன் பெயரும் வந்தது. சிட்டி வரவில்லை. அப்படி ஒரு மொழி எங்கள் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாததைச் சேர்க்க வழி இல்லை என்று நிறுவனம் பதில் அனுப்பியது. மலாய் என்று போட்டார்கள். போட்ட பிறகு, மலாய் என்றால் இலக்கணம் சரியாக இருக்க வேண்டுமே என்று யாரோ உட்கார்ந்து வரிகளைத் திருத்தினார்கள். தபால்காரன் மனைவி பள்ளிக்கூடம் மாதிரி பேசினாள். சிரிப்பு செத்தது. மேடானிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் திட்டித் தீர்த்துவிட்டு, ஆட்கள் பழைய கோப்புக்கே திரும்பினார்கள். பேட்டிகளில் பரந்தாமன், அடியில் எண்களை ஓடவிடும் யோசனை தனக்குக் குளிக்கும்போது தோன்றியது என்று சொல்லிவருகிறார்.

6

கேக் வெட்டிய விழாவுக்குக் குணசீலனை அழைக்கவில்லை. நானும் சித்ராவும் அழைத்தோம், இங்கே. சென்ற சனிக்கிழமை மாலை கம்போங் சிட்டியின் பொது மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டோம். அவன் வருவான் என்று நான் நம்பவில்லை. வந்தான். தலை நரைத்து, விரல் நகங்களில் மை ஏறி, முன்பைவிடக் குறைவாகப் பேசினான். யாழினி அவனிடம் கையெழுத்துக் கேட்டாள். தமிழில் போட்டுக் கொடுத்தான். “என்ன எழுதியிருக்கு?” என்று என்னிடம் காட்டினாள். “பேர்தான்,” என்றேன்.

அவன் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தான். எழுந்து போக வசதியாக.

மழைக் காட்சி வந்தது. அந்தப் பிரதியில் இடிச்சத்தம் சேர்க்கப்படவில்லை. எங்கே சேர்க்க வேண்டும் என்று குறிப்பதற்காக அவனே தன் குரலில், ‘இடி... இடி... இங்க காத்து’ என்று பதிந்து வைத்திருந்தான். அந்தக் குரல் வர வேண்டிய நொடியில் மண்டபம் முழுக்க, தமிழே தெரியாத அத்தனை பேரும் சேர்ந்து, “இடி, இடி, இங்க காத்து,” என்றார்கள். வாரியம் வானத்துக்கும் உத்தரவு போடுகிறது என்று அதை அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குணசீலன் என் முழங்கையைப் பிடித்தான்.

“டேய், அத எடுக்கலயா நீ?”

“எடுத்தா அடிப்பாங்க,” என்றேன்.

அவன் எழுந்து போகவில்லை. படம் முடிந்ததும் அவனைப் பேசச் சொன்னார்கள். துணிக்கு முன்னால் போய் நின்றான். பிறகு, இந்தப் படத்துக்கு இன்னொரு காட்சி உண்டு, அதை எடுக்கவே இல்லை என்றான். எனக்கே அது புதிது. நான் மலாயில் சொல்ல, சித்ரா என்னைத் திருத்தித் திருத்திச் சொன்னாள்.

“அமைச்சர் குரல் போனதுக்கப்புறம் மறுநாள் காலைல. தபால்காரன் தனியா இருக்கான். தொட்டில்ல புள்ள அழுவுது. அவன் குனிஞ்சு மெதுவா ஒரு பாட்டு முணுமுணுக்கிறான். அவ்ளோதான். அவன் ஊமையே இல்ல. சொல்லப் பிடிக்காம சொல்லாம இருந்தவன். அதுதான் நான் நெனச்ச படம். அன்னிக்கு மேகம் மூடிக்கிச்சு, வெளிச்சம் போயிருச்சு. அடுத்த நாளுக்குப் பரந்தாமன் ஒத்துக்கல. அந்தக் காட்சி இல்லாததாலதான் படம் நொண்டிப் போச்சுன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

நல்ல காட்சி என்றுதான் எனக்கும் பட்டது. முன்வரிசையில் சித்ராவின் அம்மா கையை உயர்த்தினார். கம்போங் மொழியில் ஏதோ கேட்டார். சித்ரா தயங்கினாள். “சொல்லு,” என்று அவர் அதட்டிய பிறகு எனக்குச் சொன்னாள். நான் குணசீலனுக்குச் சொன்னேன்.

“பேச முடியும் என்றால், அவன் பங்குக்கும் சேர்த்துப் பெண்டாட்டி தொண்டையில் இரத்தம் வரக் கத்தினாளே, அதை ஏன் பார்த்துக்கொண்டு நின்றான்? அவன் நல்லவன் இல்லையா?”

குணசீலன் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் இன்னொரு பெண், “அப்படி வைத்தால் எனக்கு வேண்டாம்,” என்றாள். ஆமாம், ஆமாம் என்று குரல்கள். எடுக்காத காட்சியின்மேல் அந்த மண்டபமே கோபப்பட்டுக்கொண்டிருந்தது. சித்ரா அவனுக்காக வருந்துவதுபோல், ஆனால் ஆசிரியைக் குரலில், “அபாங், இந்தப் படம் இப்படியே இருக்கட்டும். நாங்கள் இதற்குப் பழகிவிட்டோம்,” என்றாள்.

அவன் சித்ராவின் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்கள் கலங்கினாலும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. சென்னையை விட்ட பிறகு நான் பார்க்காத சிரிப்பு.

“பரந்தாமனுக்கு அப்புறம் என் படத்துல கை வச்சது நீங்கதாம்மா,” என்றான். “ஆனா நீங்க சொல்றது சரி. அந்தப் பொம்பளய நான் யோசிக்கல.”

அதை நான் மலாயில் சொன்னேன். கிழவி தலையசைத்துவிட்டு, சாப்பாடு ஆறுகிறது, முதலில் அவனைச் சாப்பிடச் சொல் என்றார்.